பையன் இல்லாத பத்து நாள் நிம்மதியாக இருந்தது. ஹாஸ்டலில் சேர்த்துவிடலாமா?

குமாரபாளையம் அம்மா:

எங்களுக்கு ஒரே பையன். 8 வயது. ஜூனில் நாலாம் வகுப்பு. இப்போது அந்தியூர் பக்கம் என் அம்மா வீட்டில் இருக்கிறான். போய் இன்றோடு 10 நாள்.

அவன் செய்வதை வெறும் சேட்டை என்று சொல்லி விட்டுவிட முடியாது. மாடி ஏறி டேங்க் வால்வைத் திறந்துவிட்டு, 1000 லிட்டரும் தெருவில் ஓடி முடியும்வரை வேடிக்கை பார்த்தான். எதிர்வீட்டுத் தறிக்கூடத்துக்குள் நுழைந்து ஓடுகிற தறியில் கையை நீட்டினான். அங்கே வேலை செய்யும் அண்ணன் பிடித்து இழுத்ததால்தான் விரல் தப்பியது. கடைசியாக நாங்கள் போன விசேஷம் ஒரு காதுகுத்து. பந்தியில் ரச வாளியைத் தட்டிவிட்டான், பெரியவர் ஒருவரின் கால் வெந்துபோனது. "வளத்துன லட்சணம்" என்று அத்தனை பேர் முன்னாலும் என் மாமியார் சொன்னார். அதற்கப்புறம் 2 வருஷமாக எந்த விசேஷத்துக்கும் போவதில்லை.

ஏப்ரல் கடைசியில் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு, "டிசி வாங்கிக்கிட்டு வேற எடம் பாருங்க" என்றார்கள். வாயால் சொன்னதுதான், எழுதித் தரவில்லை.

அவன் ஊருக்குப் போன மறுநாள் காலையில் டீயைச் சூடாகக் குடித்தேன். கேட்கச் சின்ன விஷயம்தான். எனக்கு அது எத்தனையோ வருஷம் கழித்து நடந்தது. மூன்றாவது நாள் ராத்திரி நானும் அவரும் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். "இவன் பொறக்காமயே இருந்திருந்தா நாம எப்படி இருந்திருப்போம்?" என்று அவர் கேட்டார். நானும் பேச ஆரம்பித்துவிட்டேன். நூல் கடையில் கணக்கு எழுதும் வேலையை விட்டிருக்க மாட்டேன். பவானியில் பார்த்து வைத்த அந்த இடத்தை வாங்கியிருப்போம். ஒருத்தர் மேல் ஒருத்தர் எரிந்து விழுந்திருக்க மாட்டோம். அரை மணி நேரம் இப்படியே பேசினோம். சொல்லவே கூசுகிறது, அந்தப் பேச்சு இனித்தது. "நல்லாத்தான் இருந்திருக்கும்" என்று அவர் சொன்னதும் ரெண்டு பேருக்கும் பேச்சு நின்றுபோனது. அவர் எழுந்து கீழே போய்விட்டார்.

எங்கள் கேட்டின் கொண்டியை அவன் சுலபமாகத் திறந்துவிடுவான். அதனால் கட்டுக்கம்பியை மூன்று சுற்று சுற்றி முறுக்கி வைப்பேன். பால் வாங்க, குப்பை போட, யாராவது வந்தால் என்று ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை அவிழ்த்துக் கட்டுவேன். கட்டைவிரல் ஓரம் அங்கேயே காய்த்துப் போயிருக்கிறது. இந்தப் பத்து நாளும் அந்தக் கம்பிக்கு வேலையே இல்லை. நேற்று பால் வாங்கிக்கொண்டு உள்ளே வந்து, பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, மூன்று சுற்றும் சுற்றி முறுக்கிவிட்டேன். அப்புறம்தான் அவன் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

ஹாஸ்டல் பள்ளி விண்ணப்பம் ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. ஜூன் முதல் வாரத்துக்குள் கொடுக்க வேண்டும். சேர்க்கலாமா? பெற்ற பிள்ளை இல்லாமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்த நான் என்ன மாதிரி அம்மா?

மூணு பேரன் பாட்டி:

கண்ணு, முதல்ல அழுகையை நிறுத்து. எனக்கு நாலு பிள்ளைகள். ரெண்டாமவன் உன் பையன் மாதிரிதான். எங்கேயாவது கண்காணாமல் போய்த் தொலைய மாட்டானா என்று அடுப்படியில் நின்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். அன்றைக்குக் கூட்டுக்குடும்பம். அவனைத் தூக்கிக்கொண்டு போக மாமனார், நாத்தனார், கொழுந்தன் என்று ஆள் இருந்தது. நீ ஒத்தையாளாகப் பார்க்கிறாய். கை ஓய்ந்து போனவளுக்கு வருகிற நினைப்புதான் இது. அந்த ராத்திரிப் பேச்சை மட்டும் அவன் காதில் விழாமல் பார்த்துக்கொள். மாமியார் சொன்னதையும் தூக்கிச் சுமக்காதே.

தகரப்பெட்டி:

அக்கா, சேட்டை தாங்காமல் ஹாஸ்டலில் விடப்பட்டவன் நான். 1994 ஜூன், அப்போது 9 வயது. பச்சைப் பெயிண்ட் அடித்த தகரப்பெட்டி, மூடியில் வெள்ளையில் அப்பா எழுதிய என் பெயர். மாதத்துக்கு ஒரு ஞாயிறு பார்க்க வருவார்கள்.

அங்கே என்னை யாரும் கொடுமைப்படுத்தவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 3 மாதத்தில் அடங்கிப்போனேன். காலாண்டு லீவில் வீட்டுக்கு வந்தபோது, பையன் திருந்திவிட்டான் என்று தெருவே சொன்னது. அன்றைக்கு மதியம் தாகம். அடுப்படி வாசலில் நின்று அம்மாவிடம், "தண்ணி எடுத்துக்கலாங்களா?" என்று கேட்டேன். ஹாஸ்டலில் எதற்கும் அனுமதி கேட்கிற பழக்கம். அம்மா கையிலிருந்த கரண்டியை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. நாங்கள் இப்போது ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், அம்மா மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த "எடுத்துக்கலாங்களா" இன்னும் முழுதாகப் போகவில்லை.

ஹாஸ்டலே கூடாது என்று சொல்லவில்லை. பதினைந்து வயதில், அவனே ஆசைப்பட்டுப் போனால் அது வேறு. 8 வயதில், தன்னை வேண்டாம் என்றுதான் அனுப்புகிறார்கள் என்பது பிள்ளைக்குப் புரிந்துவிடும். எனக்குப் புரிந்தது.

சேலம் சிறப்பாசிரியர்:

வணக்கம் அம்மா. நேரில் பார்க்காமல் இன்னதுதான் என்று சொல்ல முடியாது. ஆனாலும் தறியில் கை நீட்டுவது, ஓர் இடத்தில் நிற்க முடியாதது, வீட்டிலும் பள்ளியிலும் ஒரே கதை, இவையெல்லாம் சேர்ந்திருப்பதால் ஏடிஹெச்டி (கவனம் நிலைக்காமை, அளவு மீறிய துறுதுறுப்பு) இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். 12 வயதுக்குள் தொடங்கி, 6 மாதத்துக்கு மேல் நீடித்து, இரண்டு இடங்களிலாவது தெரிந்தால்தான் அந்தப் பெயரைச் சொல்வார்கள். இதற்கு ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. உங்களிடமும் ஆசிரியரிடமும் விரிவாகக் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள். காது, கண், தூக்கம் மூன்றையும் கூடவே பார்க்கச் சொல்லுங்கள். சரியாகக் காது கேட்காத பிள்ளையும் சொன்னதைக் கேளாத பிள்ளை போலவே தெரியும்.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் 18 வயது வரை இலவசம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ போய் "டெய்க் சென்டர் எங்கே?" என்று கேளுங்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பரிசோதித்துப் பயிற்சி தருகிற மாவட்ட மையம் அது. மருந்து எல்லாப் பிள்ளைக்கும் தேவைப்படாது. தேவையா என்பதை மருத்துவர் சொல்லட்டும். பெற்றோருக்கான பயிற்சி கட்டாயம் உண்டு. வளர்ப்பு தப்பு என்று அதற்கு அர்த்தமில்லை. இந்தப் பிள்ளைகளிடம் நாலு வேலையைச் சேர்த்துச் சொன்னால் ஒன்றும் நடக்காது. பக்கத்தில் போய், கண்ணைப் பார்த்து, ஒரே ஒரு வேலை சொல்லி, முடித்த உடனே பாராட்ட வேண்டும். சாயங்காலம் பாராட்டினால் அது அவனுக்குப் போய்ச் சேராது.

டிசி விஷயம்: கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 16. எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது. எழுத்தில் தரச் சொல்லிக் கேளுங்கள்.

உங்களுக்கும் ஒன்று. ராத்திரி மனசு கனத்தால் 14416க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசுவார்கள்.

குமாரபாளையம் அம்மா:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். தகரப்பெட்டி தம்பி எழுதியதை அவரிடம் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. மறுநாள் பார்த்தால் விண்ணப்பம் ஃபிரிட்ஜ் மேல் இல்லை.

பையனைக் கூட்டிவரப் போன அன்று, "இங்க இவன் ஒரு தொந்தரவும் பண்ணலையே" என்றார் என் அப்பா. எனக்கு நம்பிக்கை வரவில்லை. காலை 6 மணிக்கே ஆட்டோடு கிளம்பி, வெயில் ஏறும்வரை காட்டில் சுற்றி, ராத்திரி 8 மணிக்கெல்லாம் தூங்கியிருக்கிறான். எங்கள் வீடு 600 சதுர அடி, வாசல் இறங்கினால் ரோடு.

சென்டருக்குப் போனோம். காது நன்றாகக் கேட்கிறது. காதில் மாட்டிய கருவியோடு, சத்தம் வரும்போதெல்லாம் கை தூக்கிக்கொண்டு அவ்வளவு கவனமாக உட்கார்ந்திருந்தான். இவன் என் பிள்ளைதானா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். ஏடிஹெச்டி இருப்பதாகத்தான் சொன்னார்கள். வாரம் ஒரு நாள் வரச் சொல்லியிருக்கிறார்கள். மருந்தைப் பற்றி அடுத்த மாதம் பேசலாம் என்றார் டாக்டர்.

பள்ளியில் எழுதித் தரச் சொல்லி நின்றோம். தரவில்லை. நாலாம் வகுப்புப் புத்தகம் தந்துவிட்டார்கள். டீச்சரிடம் முன் வரிசையில் உட்கார வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

நேற்றுகூடச் சோப்புத்தூள் பாக்கெட் முழுவதையும் தண்ணீர்த் தொட்டியில் கொட்டிவிட்டான். அடித்துவிட்டேன். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்துதான் தொட்டியைக் கழுவினோம். "தேய்" என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன், தேய்த்தான். "நல்லா தேய்ச்சிருக்கியே" என்று அங்கேயே சொன்னேன். திரும்பிப் பார்த்துவிட்டு, தேய்த்த இடத்தையே மறுபடி தேய்த்தான்.

சனி, ஞாயிறு அவன் அப்புச்சி வீட்டில் இருக்கட்டும் என்று பேசி முடித்திருக்கிறோம். வேண்டாத பிள்ளையாக அனுப்பவில்லை, ஆடு மேய்க்கப் போகிறான் என்று அவனிடமே சொல்லிவிட்டேன். நாளைக்குச் சனிக்கிழமை, அப்புச்சி 7 மணி பஸ்ஸில் வருகிறார். பையன் இப்போதே டிரவுசர் ரெண்டைப் பையில் திணித்து வைத்துவிட்டு, கேட் பக்கம் போய் நின்றுகொண்டிருக்கிறான்.