புதுப்பிப்பு: பாரதி பாட்டு ரீமிக்ஸுக்கு வந்த காப்புரிமைக் கோரிக்கை நீங்கிவிட்டது

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. விஷயம் இதுதான்: பாரதி கவிதை ஒன்றுக்கு எலக்ட்ரானிக் தாளம் சேர்த்து, நடுவில் 1950களின் இசைத்தட்டிலிருந்து ஒரு துணுக்கும் வைத்து வீடியோ போட்டிருந்தேன். உடனே, அதில் வேறொருவருக்கு உரிமையுள்ள இசை இருப்பதாகக் காப்புரிமைக் கோரிக்கை வந்தது. என்ன செய்வது என்று இங்கே கேட்டிருந்தேன்.

"பத்து விநாடிக்குள் இருந்தால் பிரச்சினை இல்லை" என்றார்கள் சிலர். அப்படி ஒரு கணக்கு சட்டத்தில் கிடையாது. வழி காட்டியது, "எந்த இடத்தைக் கோரியிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்" என்ற யோசனைதான். பார்த்தால், 1:40 முதல் 2:05 வரை. அங்கே இசைத்தட்டின் பழைய குரலே இல்லை, வெறும் டிரம் லூப் (திரும்பத் திரும்ப ஒலிக்கும் தாளத் துணுக்கு)! நான் காசு கொடுத்து வாங்கிய அதே லூப்பை வேறொருவரும் தன் பாட்டில் போட்டு, அந்தப் பாட்டை, வீடியோக்களில் உள்ள இசையைத் தானே கண்டுபிடிக்கும் தானியங்கி அடையாள முறையில் பதிந்திருக்கிறார். ஆட்சேபப் படிவத்தில் லூப்பின் உரிம விவரத்தையும் அது வரும் நேரத்தையும் மட்டும் எழுதினேன். நியாயப் பயன்பாடு (சில தேவைகளுக்கு அனுமதியில்லாமலே பயன்படுத்தலாம் என்ற வாதம்) என்றெல்லாம் இழுக்கவில்லை. கோரிக்கையைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

அப்புறம் அந்த இசைத்தட்டுத் துணுக்கு. பாரதியின் வரிகள் எப்போதோ பொதுச்சொத்து, யாரும் பயன்படுத்தலாம். இந்தியாவில் ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டுதான் உரிமை, அதுவும் தீர்ந்துவிட்டது. ஆனால் மெட்டின் உரிமை தனி. அது இசையமைப்பாளர் மறைந்தபின் 60 ஆண்டு ஓடும். இதையும் இங்கே ஒருவர்தான் சுட்டிக்காட்டினார். அதனால் துணுக்கை எடுத்துவிட்டு அந்த வரிகளை மெட்டில்லாமல் நானே வாசித்துச் சேர்த்தேன். கேட்க இதுவும் நன்றாகவே இருக்கிறது.