கலைச்சொல்: ‘லாங்-டெர்ம்’, ‘லாங்-லாஸ்டிங்’ இரண்டுக்கும் ‘நீண்டகால’ போதுமா?

வணக்கம். போர்க்காலச் சூழல் பாதுகாப்புச் சட்டச் சொற்பட்டியலில் இவ்விரண்டுக்கும் ‘நீண்டகால’ என்றே இட்டிருக்கிறோம். அப்படியே விட்டால் சட்டத்தின் பொருளே மாறிப்போகும்.

ஜெனீவா உடன்படிக்கைகளின் முதலாம் கூடுதல் நெறிமுறை (1977), இயற்கைச் சூழலுக்குப் பெருஞ்சேதம் விளைவிக்கும் போர்முறைகளைத் தடுக்கும் 35(3), 55 உறுப்புகளில் ‘லாங்-டெர்ம்’ என்கிறது. பேச்சுவார்த்தைப் பதிவுகளில் அது பல பத்தாண்டுக் கணக்கில் அளக்கப்படுகிறது. 20, 30 ஆண்டுகள் என்றவர்களும் உண்டு. முதல் உலகப் போரில் பிரான்சின் போர்க்களங்கள் பட்ட சேதம்கூட இத்தடைக்குள் வராது என்பதே அன்றைய கருத்து. சூழலைப் போர்க்கருவியாக மாற்றுவதைத் தடுக்கும் என்மோட் உடன்படிக்கையோ (1976) ‘லாங்-லாஸ்டிங்’ என்கிறது. அதன் புரிந்துணர்வுக் குறிப்பில் இதற்குச் சில மாதங்கள், ஏறத்தாழ ஒரு பருவம் என்றுதான் அளவு. இந்த விளக்கம் வேறு உடன்படிக்கைகளுக்குப் பொருந்தாது என்றும் அக்குறிப்பே சொல்கிறது.

என் முன்மொழிவு: என்மோட்டுக்கு ‘நீடித்த’, நெறிமுறைக்குத் ‘தலைமுறைக்கால’.

---

ஐயா, பிரித்தே ஆகவேண்டும். ஆனால் ‘நீடித்த வளர்ச்சி’ ஏற்கெனவே வேறு பொருளில் ஊன்றிவிட்டது. ‘தலைமுறைக்கால’ என்பதில் சிக்கல் இன்னும் பெரிது. நெறிமுறையின் வாசகத்தில் ஆண்டுக்கணக்கே இல்லை. பதிவில் உள்ளதை வாசகத்துக்குள் ஏற்றினால், 15 ஆண்டுச் சேதம் பற்றிய வழக்கில் தமிழ்ப் பெயர்ப்பே முந்திக்கொண்டு தீர்ப்புச் சொல்லிவிடும்.

‘நெடுநாள்’, ‘நெடுங்காலம்’ போதாதா? நெடுநாள் காய்ச்சல் என்றால் நாளும் மாதமும்; நெடுங்காலப் பகை என்றால் ஆண்டுகள். இந்த வேறுபாடு தமிழ்க் காதுக்கு விளக்கமில்லாமலே எட்டும்.

இதைவிட ஆபத்தானது காற்புள்ளி. ‘பரவலான, நீண்டகால, கடுமையான சேதம்’ என்று எழுதுகிறோம். நெறிமுறையில் மூன்றும் சேர்ந்திருந்தால்தான் தடை. என்மோட்டில் ஒன்றே போதும். காற்புள்ளி இரண்டையும் விழுங்கிவிடுகிறது. நம்மிடம் உம்மையும் ஓகாரமும் இருக்கின்றனவே: ‘பரவலும் நெடுங்காலமும் கடுமையும் ஒருங்கே கொண்ட சேதம்’, ‘பரவலானதோ நெடுநாளையதோ கடுமையானதோ ஆன விளைவு’.

---

அம்மா, ‘தலைமுறைக்கால’வைத் திரும்பப் பெறுகிறேன். உம்மை–ஓகாரம் கட்டாயம் வேண்டும். பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தை நிறுவிய ரோம் சட்டத்தின் 8(2)(ஆ)(iv) உட்பிரிவிலும் உம்மைதான் வரும். அங்கே எதிர்பார்க்கும் படைப்பயனோடு ஒப்பிட்டால் சேதம் ‘தெளிவாகவே மிகையானது’ என்பதும் கூடுதல் நிபந்தனை. பட்டியலில் அது விடுபட்டிருக்கிறது.

‘பரவலான’ இரு ஆவணங்களிலும் ஒரே ஆங்கிலச் சொல், ஆகவே தமிழிலும் ஒன்றே இருக்கட்டும். ‘பல நூறு சதுர கிலோமீட்டர்’ என்ற அளவு என்மோட்டுக்கு மட்டும் உரியது என்று அடிக்குறிப்பு போதும்.

எடுத்துக்காட்டாகக் குவைத்தைச் சேர்க்கலாம். 1991இல் ஈராக் படைகள் கொளுத்திய 600க்கு மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளில் கடைசியானது அணைந்தது நவம்பரில். அந்தப் புகை ‘நெடுநாள்’. பாலைமணலில் ஊறிய எண்ணெய் ‘நெடுங்காலம்’. ஈராக் அப்போது இரண்டு ஆவணங்களுக்கும் கட்டுப்பட்ட நாடல்ல, கிணற்றைக் கொளுத்துவது என்மோட் தடுக்கும் செயல்தானா என்பதும் வாதத்துக்குரியது. எனவே ‘கால அளவைக் காட்ட மட்டும்’ என்று குறித்துவிடுவோம்.