கிளெமென்டே: ஆட்டத்தால ஹீரோவா, சாவால ஹீரோவா?

பாலத்துக்காரன்:
அமெரிக்காவுல பிட்ஸ்பர்க் ஊர்ல பேஸ்பால் மேட்ச் நாள்னா, அந்த ஊர் டீமுக்கு ஆடின ராபர்ட்டோ கிளெமென்டே பேர்ல இருக்கற பாலத்துல காரை விடமாட்டாங்க. மஞ்சப் பாலம் பூரா ஜனம்தான், எந்தப் பக்கம் திரும்பினாலும் முதுகுல அவரோட ஜெர்சி நம்பர் 21. மைதானத்துல ரைட் ஃபீல்ட் (அவர் ஃபீல்டிங் பண்ணின வலப்பக்கம்) சுவரைக்கூட அவருக்காக 21 அடி உயரத்துக்குக் கட்டியிருக்காங்க. வளர்ந்து ஆளான பிறகு பேஸ்பால் கத்துக்கிட்டவன் நான். ஆனாலும் ஹீரோன்னா எனக்கு அவர்தான். நிறத் தடையை உடைச்ச ஜாக்கி ராபின்சனோட 42-ஐ இனி யாருக்கும் தரக் கூடாதுன்னு 1997ல எல்லா டீமுக்கும் சேர்த்து ஒதுக்கினாங்கல்ல, அதே மாதிரி 21-ஐயும் ஒதுக்கணும். மறுப்பு உண்டா?

கணக்குப்பிள்ளை:
உண்டு சார். நல்ல ஆட்டக்காரர்தான், இல்லேங்கல. ஆனா 18 சீசன்ல 240 ஹோம் ரன் (பெரும்பாலும் வேலியைத் தாண்டற அடி). அதே காலத்துல ஆடின ஹாங்க் ஆரன் 755, வில்லி மேஸ் 660. பொறுமையா நின்னு, மோசமான நாலு பந்தை விட்டுட்டு சும்மாவே முதல் பேஸுக்குப் போற 'வாக்' வாங்குற பழக்கமும் இல்ல, கண்ட பந்துக்கெல்லாம் மட்டையை வீசுவார். 38 வயசுல விமானம் கடல்ல விழுந்ததாலதான் இத்தனை சிலை. ஹால் ஆஃப் ஃபேம்கிற சாதனையாளர் பட்டியலுக்கு, ஆட்டத்தை விட்டு அஞ்சு வருஷம் காத்திருக்கணும்கிற விதியைத் தளர்த்தி 1973லயே சேர்த்துக்கிட்டாங்க.

பாலத்துக்காரன்:
ஹோம் ரனை மட்டும் எண்ணினா எப்படி? அவர் பல வருஷம் ஆடின ஃபோர்ப்ஸ் ஃபீல்டுல லெஃப்ட்-சென்டர் பக்கம் வேலி 457 அடி தள்ளி. வலக்கைக்காரர் அங்க தூக்கி அடிச்சா கேட்ச்தான். மனுஷன் இடைவெளி பார்த்து அடிச்சு ஓடினார்: ஒரே அடியில மூணாவது பேஸ் வரைக்கும் ஓடற டிரிப்பிள் 166. பேட்டிங் பட்டம் 4, சிறந்த ஃபீல்டிங்குக்கான கோல்ட் க்ளவ் 12, மொத்தம் 3000 ஹிட் (அடிச்சு பேஸ் எடுத்தது). 1960, 1971 வேர்ல்ட் சீரீஸ் (சீசன் இறுதித் தொடர்) ரெண்டுலயும் சேர்த்து 14 மேட்ச், ஒண்ணுலகூட ஹிட் இல்லாம திரும்பல. அப்புறம் அந்தக் கை! ரைட் ஃபீல்ட் மூலையில பந்தைப் பொறுக்கி, அப்படியே சுழன்று தேர்ட் பேஸுக்கு ஒரே வீச்சு. 71 சீரீஸ் வீடியோ பார்த்துட்டு வாங்க, பேசலாம்.

மழைக்காலம்:
அண்ணன்மாரே, ரெண்டு பேரும் ஸ்கோர் அட்டையை விட்டு வெளிய வரமாட்டேங்கறீங்க. போர்ட்டோ ரிக்கோலேர்ந்து வந்த கறுப்பு மனுஷன். ஆட்டக்காரங்க படம் போட்ட பேஸ்பால் அட்டையில 'பாப்' கிளெமென்டேன்னு போட்டாங்க. அவர் பேசின இங்கிலீஷை உச்சரிப்போட அப்படியே அச்சடிச்சுப் பத்திரிகைக்காரங்க நக்கல் பண்ணினாங்க. என் பேர் ராபர்ட்டோன்னு அவர் விடாம சொன்னார். 71ல ஜெயிச்சதும் டிவி மைக்கைப் பிடிச்சு, முதல்ல ஸ்பானிஷ்ல அப்பா அம்மாகிட்ட ஆசீர்வாதம் கேட்டார். எங்க ஆபீஸ்ல என் பேரைப் பாதியா வெட்டித்தான் கூப்பிடறாங்க. பத்து வருஷமா நான் ஒரு தடவைகூடத் திருத்தல.

கணக்குப்பிள்ளை:
அதுக்கு நானும் கும்பிடு போடறேன்மா. ஆனா அந்த விமானம்? 1972 டிசம்பர் 23 நிகராகுவா தலைநகர் மனாகுவாவுல நிலநடுக்கம். 31ந் தேதி ராத்திரி நிவாரணச் சாமானோட இவர் ஏறினது பழைய டிசி-7 சரக்கு விமானம், அனுமதிச்சதுக்கு மேல 4000 பவுண்டுக்கும் அதிகமான பாரம். அதே மாச ஆரம்பத்துலதான் அது தரையில ஓடறப்பவே விபத்தாகியிருந்தது. வீட்டுல மனைவி, மூணு பையனுங்க. இதை வீரம்னு என் பையனுக்குச் சொல்லித்தர எனக்கு வாய் வரல.

பாலத்துக்காரன்:
ஏறுறவர் தராசு வெச்சா பார்ப்பாரு? அது விமானம் நடத்தினவங்க பொறுப்பு. அதுக்கு முன்னாடி அனுப்பின நிவாரணச் சாமானை அந்த நாட்டு சர்வாதிகாரி சொமோசாவோட ஆளுங்க அமுக்கறாங்கன்னு சேதி வந்துச்சு. தான் கூடப் போனா கை வைக்க மாட்டாங்கன்னு கிளம்பினார். நினைவுப் பூசைக்கு டீம்காரங்க போனப்ப, கேட்சர் மேனி சங்கியென் மட்டும் அங்க போகாம கடல்ல முங்கித் தேடிக்கிட்டிருந்தார். உடல் கிடைக்கவே இல்ல. கூட ஆடினவருக்கு அவர் ஹீரோவாக விபத்து தேவைப்படல சார்.

மழைக்காலம்:
ஆனா 21-ஐ ஒதுக்கறதுல நான் கணக்குப்பிள்ளை பக்கம். பின்னாடி வந்த ஆட்டக்காரர் சாமி சோசா 21 போட்டதே இவர் நினைவாத்தான். ஒதுக்கிட்டா அடுத்து வர்ற பையன் எப்படிப் போடுவான்?

பாலத்துக்காரன்:
42-ஐ வருஷத்துல ஒரு நாள் எல்லாரும் போடறாங்களே?

மழைக்காலம்:
ஒரு நாள் போடறதும் சீசன் பூரா போட்டு வேர்க்கறதும் ஒண்ணா அண்ணே?

கணக்குப்பிள்ளை:
அந்த வீச்சு எந்த மேட்ச்ல? லிங்க் இருந்தா போடுங்க சார். 240-ஐ மட்டும் விட்டுத்தர மாட்டேன்.