கன்னியாகுமரியில் தெருவோரம் படம் வரைந்து விற்கலாமா, பாடலாமா? உட்கார்ந்து பார்த்தவர்களின் அனுபவம்

தக்கலையிலிருந்து ஒரு தம்பி:

நான் கரிக்கோலால் (சார்க்கோல்) முகம் வரைவேன். என் நண்பன் உடுக்கை அடித்து நாட்டுப்பாடல் பாடுவான். சனி, ஞாயிறுகளில் கன்னியாகுமரிக் கடற்கரையில் இருவரும் உட்காரலாமா, அல்லது நேராகத் திருவனந்தபுரம், கொச்சி என்று போய்விடலாமா என்று யோசிக்கிறோம். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. இதில் இறங்கிப் பார்த்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

நாகர்கோவிலிலிருந்து ஓர் அக்கா:

தம்பி, திரிவேணி சங்கமத்துக்குப் போகும் வழியில் உட்கார்ந்து நான் பல வருடங்களாக முகம் வரைகிறேன். கன்னியாகுமரியில் கூட்டத்துக்குப் பஞ்சமில்லை. நிற்கிற கூட்டத்துக்குத்தான் பஞ்சம். சூரிய உதயம் பார்க்க வருகிறவர்கள் அது முடிந்ததும் படகு டிக்கெட் வரிசைக்கு ஓடுகிறார்கள். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30 அன்று திறந்த பிறகு அந்த வரிசையின் அவசரம் இன்னும் கூடிவிட்டது. கரைக்குத் திரும்பினால் பஸ் டிரைவர் ஹாரன் அடிக்கிறார். மூக்குவரை வரைந்திருப்பேன், கிளீனர் பையன் ஓடிவந்து ஆளைக் கையோடு அழைத்துப் போய்விடுவான். ஆகவே காலையில் நான் பென்சிலையே எடுப்பதில்லை. அஸ்தமனத்துக்கு இடம்பிடிக்க வந்து காத்திருப்பவர்களும், அஸ்தமனம் முடிந்து எங்கே போவது என்று தெரியாமல் உலாத்துபவர்களும்தான் நம் ஆட்கள். நாலு மணிக்குக் கடை விரித்தால் போதும்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. கரிக்கோல் இங்கே சரிப்படாது. தாளில் தேய்ப்பதற்குள் பொடி பறந்து எதிரில் இருப்பவர் வேட்டியில் போய் ஒட்டும். உப்புக் காற்றில் தாளும் நமுத்துப்போகும். நமுத்த தாளில் கரி பிடிக்காமல் திட்டுத்திட்டாக நிற்கும். நான் 6பி, 8பி என்ற மிருதுவான, கருமையான பென்சிலுக்கு மாறிவிட்டேன். தாள்களைப் பாலிதீன் பையில் வைத்து ஒவ்வொன்றாக எடுப்பேன். பலகையின் நாலு மூலையிலும் கிளிப் வேண்டும், மூன்று போட்டால் நாலாவது மூலை படபடத்துக் கிழிந்துவிடும். வரைந்த படத்தைச் சுருட்டிப் போட பிளம்பர் கடையில் கிடைக்கும் துண்டுக் குழாயை வெட்டி வைத்திருக்கிறேன். பஸ்ஸில் கசங்காது என்று தெரிந்தால்தான் வெளியூர்க்காரர் பணத்தை எடுப்பார்.

சபரிமலை சீசன்தான் நமக்கு அறுவடை. ஒரு மார்கழியில் ஆந்திராவிலிருந்து வந்த கூட்டத்தில் வயதான குருசாமி ஒருவர் தானாக வந்து உட்கார்ந்தார். கூட வந்தவர்கள் “செல்போனில்தான் இத்தனை படம் எடுத்திருக்கிறோமே” என்று சிரித்தார்கள். அவர் தெலுங்கில் ஏதோ சொன்னார். ஒரு சாமி தமிழில் சொன்னார்: ஊருக்குப் போனதும் மாலையைக் கழற்றித் தாடியை எடுத்துவிடுவாராம், இந்த முகத்தைப் பேத்திக்குக் காட்ட வேண்டுமாம். தாடியின் ஒவ்வொரு சுருளையும் நிதானமாக வரைந்தேன். அவர் அசையவே இல்லை. முடிக்கும்போது சிரித்தவர்கள் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். ஒருவர் உட்கார்ந்தால் பத்துப் பேர் நிற்பார்கள். அந்த முதல் ஆள் கிடைக்காத நாளில் பக்கத்துக் கடைப் பையனை உட்காரவைத்து வரையத் தொடங்குவேன்.

இடம் பிடிப்பதில் கவனமாக இரு. ஏற்கனவே சங்கும் பாசிமணியும் விற்பவர்கள், உடனே படம் எடுத்து அச்சடித்துத் தருபவர்கள் எல்லோரும் அங்கே பிழைக்கிறார்கள். அவர்களிடம் கேட்காமல் உட்காராதே. எனக்கு இடம் தந்தவர் சங்கு விற்கும் ஓர் அம்மா. அவர் சாப்பிடப் போனால் அவர் கடையை நான் பார்த்துக்கொள்வேன், என் பலகையை அவர் பார்த்துக்கொள்வார். சீசன் சமயத்தில் கடை இடங்களை ஏலம் விடுவார்கள், அதையும் முன்கூட்டியே விசாரித்துவிடு.

ஒருமுறை சீருடையில் வந்த ஒருவர் பலகையைப் பிடுங்கிக்கொண்டு போனார். ரசீதும் இல்லை, ஒன்றும் இல்லை. இன்றும் நினைத்தால் வயிறு எரிகிறது. 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டத்தைத் தெரிந்துவைத்துக்கொள். பொருள் விற்பவரோடு, பொதுமக்களுக்குச் சேவை தருபவரும் அதில் வருகிறார். பொருளைப் பறிமுதல் செய்தால் பட்டியல் தர வேண்டும். உரிய கட்டணம் கட்டிக் கேட்டால், அழுகாத பொருளை இரண்டு வேலை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். உள்ளாட்சி அலுவலகத்தில் விற்பனைச் சான்றிதழுக்கு எழுதிக் கொடு. தெருக்கடை விஷயங்களைக் கவனிக்கும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் தெரு வியாபாரிகளாகவே இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அங்கே நமக்காகப் பேச நம் ஆட்கள் இருப்பார்கள்.

தோவாளையிலிருந்து, வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடிப்பவர்:

பாடுகிற தம்பிக்கு நான் சொல்கிறேன். கடற்கரையில் காற்றும் அலையும் சேர்ந்து குரலை விழுங்கிவிடும். மைக் வைத்தால் அனுமதி வேண்டும். இரவு பத்துக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. இத்தனையும் தாண்டிப் பாடினாலும், துண்டு விரித்தவனைப் பிச்சைக்காரனாகப் பார்த்துச் சில்லறை வீசிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அது மனதை மிகவும் நோகடிக்கும்.

நம் மாவட்டத்தில் நிற்கிற கூட்டம் இல்லை என்று அக்கா சொன்னது கடற்கரைக்குச் சரி. கொடை என்கிற ஊர்த் தெய்வத் திருவிழா நடக்கும் கோயிலுக்கு வந்து பாருங்கள், உட்கார்ந்தே விடிய விடியக் கேட்பார்கள். சுடலைமாடசாமி பிறந்த கதையில் ஓர் அடியை விட்டுவிட்டால் முன்வரிசைப் பாட்டி எடுத்துக் கொடுப்பார். யாராவது பத்து ரூபாய் அன்பளிப்பு கொடுத்தாலும் பெயரையும் ஊரையும் சொல்லி நன்றி தெரிவிப்போம். கொடுத்தவர் தலை நிமிர்ந்து உட்காருவார். பணம் வாங்குகிறவனுக்கும் அங்கே கௌரவம் இருக்கிறது. உங்கள் நண்பர் உடுக்கை அடிப்பார் என்றால், பங்குனி, சித்திரையில் ஏதாவது ஒரு குழுவோடு நாலு கொடைக்குப் போகட்டும். பின்பாட்டுப் பாடுகிறவராக, ஆமாம் போடுகிறவராகவே தொடங்கலாம். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளட்டும். பிறகு எந்தத் தெருவில் நின்றாலும் குரல் நடுங்காது. படம் வரைகிற தம்பியும் கூடவே வரலாம், கொடைக் கூட்டத்தில் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வராத வீடே கிடையாது.

குழித்துறையிலிருந்து இன்னொருவர்:

நான் இரண்டு ஊரிலும் படம் விற்றிருக்கிறேன். திருவனந்தபுரத்தில் மானவீயம் வீதி பாட்டுக்கும் ஓவியத்துக்கும் பழகிய தெரு. மாலையில் நிற்பார்கள், கேட்பார்கள், பாராட்டுவார்கள், வாங்குவது குறைவு. கடைசி ரயிலில் வீட்டுக்கு வந்துவிடலாம் என்பதால் நஷ்டம் பெரிதாக இருக்காது. ஃபோர்ட் கொச்சி அப்படியல்ல. 2012 முதல் அங்கே பினாலே கலைக் கண்காட்சி நடக்கிறது. அது நடக்கும் டிசம்பருக்குப் பிறகான மாதங்களில் படம் வாங்குவதற்கென்றே ஆட்கள் நடக்கிறார்கள். சீன மீன்பிடி வலைகள் இருக்கும் பக்கம் அஞ்சலட்டை அளவில் வரைந்த படங்கள்தான் வேகமாகப் போயின, பெரிய படங்களைச் சுமந்து திரும்பினேன். ஆனால் அந்த மாதங்களில் அறை வாடகை தாறுமாறாக ஏறிவிடும். அறையில் பங்குக்கு ஆள் கிடைத்தால் மட்டும் கிளம்புங்கள். இல்லையென்றால் இந்தச் சீசனுக்கு அக்கா சொன்ன நாலு மணிக் கடற்கரையே போதும்.