பதிவேட்டில் 84 பேர், கூட்டத்தில் 9 பேர்: எங்கள் கழகத்தை எப்படி மீட்பது?

கேள்வி (தலவாக்கலை)

வணக்கம். தலவாக்கலைக்கு அண்மையிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் சமூகக் கழகத்துக்கு மூன்று ஆண்டுகளாகச் செயலாளராக இருக்கிறேன். மரண வீட்டுக்குக் கொட்டகையும் கதிரைகளும் கொடுப்பது, பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துவது, தைப்பொங்கலுக்கு விளையாட்டுப் போட்டி வைப்பது ஆகியவையே எங்கள் பணிகள். பதிவேட்டில் 84 பேர் இருந்தும், சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு 9 பேர்தாம் வந்தார்கள். கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வருகை) இல்லாததால் ஒத்திவைத்துக் கூட்டிய இரண்டாம் கூட்டத்துக்கும் அதே 9 பேர்தாம்.

தலைவர் 11 ஆண்டுகளாகப் பதவியில் இருக்கிறார். நேர்மையானவர், கழகத்துக்காகக் கைக்காசைச் செலவழித்தவர். ஆனால் எதையும் எவரிடமும் கேட்காமல் தாமே முடித்துவிடுவார். பதவி மாற்றத்தைப் பற்றிப் பேசினால், "நான் விட்டால் எடுத்துச் செய்ய யார் இருக்கிறார்கள்?" என்று கேட்கிறார், எனக்கும் அதற்குப் பதில் தெரிவதில்லை. இளைஞர்களில் பெரும்பாலோர் கொழும்பில் வேலைக்குப் போய்விட்டார்கள். இருப்பவர்களோ சந்தாவைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். குறை தலைவரிடமா, உறுப்பினர்களிடமா? நானும் விலகிவிடலாமா என்று பல இரவுகள் யோசித்திருக்கிறேன்.

பதில் 1 (பதுளை)

அண்ணா, உங்கள் கூட்டம் எத்தனை மணிக்கு நடக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. எங்கள் சங்கத்தில் வாரநாளில் மாலை ஆறு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, பெண்களுக்கு அக்கறை இல்லை என்று ஆண்கள் பல காலம் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து மலையில் நின்று, அந்திக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, பிள்ளை மடுவத்திலிருந்து (தோட்டக் குழந்தைகள் காப்பகம்) குழந்தையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகள்) வந்து அடுப்பு மூட்டும் நேரம் அது. ஞாயிறு பின்னேரத்துக்கு மாற்றி, மண்டபத்தை விட்டு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு லயத்து வாசலில் கூடத் தொடங்கிய பிறகுதான், அதுவரை ஒரு கூட்டத்துக்கும் வராத அக்காமார் வந்தார்கள். அவர்கள் முதலில் கேட்டது, கொட்டகைத் தகரம் யார் வீட்டில் கிடக்கிறது என்பதைத்தான். அந்தக் கேள்வியை அவர்கள் எத்தனை ஆண்டுகளாக மனத்தில் வைத்திருந்தார்களோ!

பதில் 2 (அட்டன், ஓய்வுபெற்ற ஆசிரியர்)

தம்பி, மேலே தங்கை எழுதியது முற்றிலும் சரி. ஆனால் நேரத்தை மட்டும் மாற்றினால் போதாது என்பது என் கருத்து. மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கும்போது நம் மக்களைக் கவனித்திருப்பீர்கள். பகலெல்லாம் வேலை செய்தவர்கள் குளிரில் விடிய விடிய நிற்கிறார்கள். கொழும்பிலிருந்து விடுப்பெடுத்துக்கொண்டு வரும் பிள்ளைகளும் உண்டு. ரதி வேடம் ஒருவருக்கு, மன்மதன் வேடம் மற்றொருவருக்கு, எமன் வேடம் இன்னொருவருக்கு, தப்படிப்பது வேறொருவருக்கு என்று ஆளுக்கொரு பொறுப்பு இருக்கிறது. தான் வராவிட்டால் கூத்து குறைபடும் என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும். உங்கள் கழகக் கூட்டத்துக்கு ஒருவர் வராவிட்டால் எது குறைபடுகிறது? அந்த 75 பேரும் அதைத்தான் சரியாகக் கணித்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

இந்த அட்டனில் 1931 இல் தோட்டத் தொழிலாளருக்கென்று சம்மேளனம் அமைத்த கோ. நடேசய்யர், தொழிலாளர் தம்மைத் தேடி வரட்டும் என்று காத்திருக்கவில்லை. அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் மக்கள் நடுவே பாட்டுப் பாடித்தான் அவர்களைத் திரட்டினார். தலைவரை இறக்குவதில் உங்கள் சக்தியைச் செலவிட வேண்டாம். 11 ஆண்டுகள் உழைத்தவரை ஒரே நாளில் அகற்றினால் அவர் மனமுடைந்து போவார், புதியவரும் தடுமாறுவார். கொட்டகைக்கு இருவர், வகுப்புக்கு இருவர் என்று பொறுப்பைப் பிரித்து, செலவு செய்யும் உரிமையையும் அவர்கள் கையிலேயே கொடுங்கள். உரிமை இல்லாத பொறுப்பு வெறும் எடுபிடி வேலை; அதற்கு யாரும் வரமாட்டார்கள்.

பதில் 3 (பண்டாரவளை)

ஆசிரியர் ஐயாவுடன் ஓரிடத்தில் உடன்பட முடியவில்லை. பதவிக்காலத்துக்கு எல்லை வேண்டும். எங்கள் சங்கத்தின் யாப்பில் (விதிமுறைகளில்) ஒருவர் தொடர்ந்து இரண்டு தடவைக்கு மேல் தலைவராக இருக்க முடியாது என்று எழுதினோம். அவர் அடுத்த ஓராண்டு ஆலோசகராகப் பக்கத்தில் இருப்பார். இன்னொன்று: கணக்கறிக்கையைப் பிள்ளை மடுவத்துச் சுவரில் மாதந்தோறும் ஒட்டுங்கள். சந்தா கொடுப்பவருக்குத் தம் பணம் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. எங்கள் கூட்டமும் வாரநாள் மாலை ஆறு மணிக்குத்தான். கணக்கறிக்கையை இந்த மூன்று ஆண்டுகளில் நான் ஒருமுறைகூட வெளியே ஒட்டியதில்லை. அது என் தவறு. நேற்று இந்தப் பதில்களைத் தலைவருக்கு வாசித்துக் காட்டினேன். நெடுநேரம் பேசாமல் இருந்தவர், பிறகு கொட்டகைச் சாவியை எடுத்து என்னிடம் கொடுத்து, மேல் லயத்தில் யாரிடம் ஒப்படைக்கலாம் என்று கேட்டார். அவர் என்னிடம் ஒன்றைக் கேட்டது இதுவே முதல் தடவை. ஞாயிறு பின்னேரம் அந்த லயத்து வாசலில் கூடுகிறோம்.