தைவானின் முன்னாள் அதிபர் லீ தெங்-ஹுய்: உங்களுக்கு ஏதாவது அனுபவம் உண்டா? (வந்த பதில்கள், ஒவ்வொன்றின் மேலும் எழுதியவரின் புனைபெயர்)

மலைப்பாதை

2020 ஆகஸ்ட் முதல் வாரம். லீ ஜூலை 30 அன்று 97 வயதில் காலமாகியிருந்தார். தைபே விருந்தினர் மாளிகையில் பொதுமக்கள் அஞ்சலி. நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரப் பாட்டி "நீயும் வா" என்றார். (அமா என்றுதான் கூப்பிடுவேன், தைவான் மொழியில் பாட்டிக்கு அதுதான் சொல்.) அந்த ஊர் வெயில் உங்களுக்கே தெரியும். முகக்கவசத்துக்குள் வியர்வை வழிய, ஒரே குடையில் இரண்டு பேரும் வரிசையில் நின்றோம்.

படத்துக்கு முன்னால் போனதும் அமா கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து வணங்கினார். நிமிரவே இல்லை. குனிந்தபடியே தைவான் மொழியில் ஏதோ பேச ஆரம்பித்தார். அரை நிமிடம் இருக்கும், பின்னால் நின்ற யாரும் அவசரப்படுத்தவில்லை. எனக்குத் தெரிந்தது மாண்டரின் மட்டும். "தோ-சியா" என்ற ஒரு சொல்தான் பிடிபட்டது. நன்றி.

மாண்டரின் மட்டுமே பேச வேண்டும் என்றிருந்த பள்ளிக்கூடத்தில் தாய்மொழியில் பேசியதற்காகக் கழுத்தில் அட்டை மாட்டி நிற்க வைத்தார்கள் என்று முன்பு ஒருமுறை சொல்லியிருக்கிறார். அதே மொழியில் மேடையேறிப் பேசிய அதிபரிடம் அன்று என்னதான் சொன்னார்? திரும்பும் வழியில் கேட்கத் தயங்கினேன். அடுத்த வருடம் அமாவும் போய்விட்டார். கேட்டிருக்க வேண்டும்.

சின்சூ காற்று

எனக்கு ஒரு டாக்ஸி ஓட்டுநர். தாவ்யுவான் விமான நிலையத்திலிருந்து சின்சூ வரும் வழியில் ரேடியோவில் லீயின் பெயர் வந்ததும் சத்தத்தைக் கூட்டினார். 1996 மார்ச்சில், சீனக் கரைக்கு அருகே தைவான் வசமுள்ள மாட்சு தீவில் கட்டாய ராணுவப் பணியில் இருந்தவராம். நாட்டின் முதல் நேரடி அதிபர் தேர்தல் மார்ச் 23. அதற்கு முந்தைய நாட்களில்தான் சீனா தைவானின் கீலுங், காவ்சியுங் துறைமுகங்கள் பக்கக் கடலில் ஏவுகணை வீசியது. விடுப்பு எல்லாம் ரத்து. சொந்த ஊருக்குப் போனால்தான் ஓட்டு, தபால் ஓட்டும் கிடையாது.

சிவப்பு விளக்கில் வண்டி நின்றது. அங்கே வாக்குச்சீட்டில் முத்திரை குத்துவார்கள் இல்லையா, அதுபோலக் கட்டை விரலை ஸ்டீயரிங்கில் ஒரு அழுத்து அழுத்திக் காட்டினார். "வயசு 21. இந்த ஒரு குத்துதான், அது கிடைக்கலை." யாருக்குக் குத்தியிருப்பீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை, பச்சை விழுந்துவிட்டது. லீக்கு 54 சதவீதம் கிடைத்த தேர்தல் அது. எனக்கு அந்தக் கட்டை விரல்தான் ஞாபகத்தில் நிற்கிறது.

பழைய மாணவன்

இரண்டு பேர் எழுதியதும் மனதைத் தொட்டது. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 'ஜனநாயகத்தின் தந்தை' என்று எல்லாப் பெருமையையும் ஒரே ஆளிடம் கொடுத்துவிடாதீர்கள்.

1990 மார்ச்சில் சியாங் கை-ஷேக் நினைவு மண்டபத்தின் முன் உட்கார்ந்த ஆயிரக்கணக்கான மாணவர்களில் என் பேராசிரியரும் ஒருவர். ஒரு நாள் அந்தச் சதுக்கத்தைக் கடக்கும்போது சட்டென்று நின்று, "லில்லி இங்கேதான் நின்றது" என்று தரையைக் காட்டினார். மாணவர்கள் செய்து நிறுத்திய பெரிய காட்டு லில்லி. வெறும் தரைதான், ஆனால் அவர் அந்த இடத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வந்தார்.

1947-48இல் தேர்வானவர்கள் நாற்பது வருடத்துக்கு மேல் தேர்தலே இல்லாமல் தேசிய சபையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் போக வேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் போராட்டம். மார்ச் 21 அன்று அதே சபை லீயை அதிபராகத் தேர்ந்தெடுத்தது, அன்றே அவர் மாணவர் பிரதிநிதிகளைச் சந்தித்தார். தள்ளியது மாணவர்கள். அப்புறம், லீ காலத்தில் ரவுடிகளும் பணக்காரர்களும் உள்ளூர் அரசியலில் புகுந்ததை அங்கே 'கறுப்புத் தங்கம்' என்பார்கள். அதையும் எழுத வேண்டும்.

மலைப்பாதை

பழைய மாணவன், கறுப்புத் தங்கத்தை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அப்போது, சீனாவின் தியானன்மென் சதுக்கத்தில் மாணவர் போராட்டத்தைப் படை ஒடுக்கி ஒன்பது மாதம்தான் ஆகியிருந்தது. படையை அனுப்பாமல், உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசியது சின்ன விஷயமா? மாணவர்களிடம் சொன்னதையும் செய்தார். 1991 மே 1 அன்று அவசரகாலச் சட்டப்பிரிவுகள் நீங்கின, அந்த வருடம் முடிவதற்குள் பழைய உறுப்பினர்களும் போனார்கள். 1995 பிப்ரவரி 28 அன்று, 1947இல் அரசுப் படைகள் தைவான் மக்களைக் கொன்ற படுகொலைக்காக அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். மறுநாள் தொடங்கியதுதான் இன்று தைவானில் வாழ்கிற எல்லோர் பர்ஸிலும் அட்டையாக இருக்கிற மருத்துவக் காப்பீடு.

தைச்சுங் வயல்

லீ பிறந்த வீட்டைப் பார்க்கச் சான்ஜி போயிருந்தேன். நல்ல மழை. வழி கேட்டதும் ஒரு முதியவர் "இவாசாத்தோ வீடா?" என்றார். ஜப்பானியர் ஆட்சியில் லீக்கு இருந்த பெயர் இவாசாத்தோ மசாவோ. பக்கத்து வீட்டுப் பையனைப் பற்றிப் பேசுவது போல இருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: மெட்ரோ சிவப்புப் பாதையில் தாம்சுய் வரை போய், அங்கிருந்து பேருந்து பிடியுங்கள். குளிர்காலம் வேண்டாம், வடகிழக்குக் காற்றில் குடை நிற்காது, மழைக்கோட்டுதான் சரி. போகும் முன் லீயின் விவசாயப் பக்கத்தைக் கொஞ்சம் படியுங்கள், அது தெரியாவிட்டால் பாதி ஆள்தான் தெரிவார். 1968இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் அவர் முடித்த முனைவர் ஆய்வு, 1895 முதல் 1960 வரை தைவான் கிராமங்களின் பணம் எப்படித் தொழில்துறைக்குப் போனது என்பதைப் பற்றியது. விவசாயி நெல்லைக் கொடுத்து அரசிடம் உரம் வாங்க வேண்டியிருந்தது, அதில் விவசாயிக்குத்தான் நஷ்டம். 1972இல் லீ அமைச்சரானார், அடுத்த வருடம் அந்த முறை ஒழிந்தது. அரசியல் சண்டை போடுகிறவர்கள் இதை முதலில் படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

செப்டம்பர், அக்டோபரில் போனால் நீர்மூங்கில் குருத்து (நீரில் வளரும் ஒரு புல்லின் தண்டு, காய்கறி) புதிதாகக் கிடைக்கும், சான்ஜி அதற்குப் பேர் போன ஊர். தோலோடு வேகவைத்து, ஆறிய பிறகு உரித்துச் சாப்பிடுங்கள்.