புதுப்பிப்பு: ஒழுகாத தண்ணீர்ப் பை கிடைத்துவிட்டது

வெள்ளியங்கிரி ஏறும்போது மூன்றாவது மலையிலேயே என் 2 லிட்டர் ஹைட்ரேஷன் பை (முதுகுப்பைக்குள் வைத்து, குழாய் வழியாக உறிஞ்சிக் குடிக்கும் தண்ணீர்ப் பை) ஒழுகி, மாற்றுத்துணியெல்லாம் நனைந்துவிட்டது, அடுத்து எதை வாங்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

முதலில் பழைய பையை வெட்டிப் பார்த்தேன். பை கிழியவே இல்லை. குழாய் பையோடு சேரும் இடத்தில் உள்ள ரப்பர் வளையம் வெடித்திருந்தது. கடையில் நான் கவனிக்காமல் விட்ட இடம் அதுதான்.

இப்போது வாங்கியது டிபியூ (வளைந்துகொடுக்கும் ஒருவகை பிளாஸ்டிக்) பை. வாய் முழு அகலத்துக்கும் திறக்கும். மடித்து, மேலே பட்டையைச் சறுக்கி மூட வேண்டும். கை உள்ளே போவதால் தேய்த்துக் கழுவலாம். கடித்துக் குடிக்கும் முனையில் தனியாக ஓர் அடைப்பானும் உண்டு. இது கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் பேருந்தில் பையைக் கீழே வைக்கும்போது முனை அழுந்திச் சொட்டும்.

நிரப்பி, செய்தித்தாள்மேல் படுக்கவைத்து, மேலே 5 கிலோ அரிசிப் பையை ஏற்றி இரவு முழுக்க விட்டேன். காலையில் தாளில் ஒரு துளி ஈரமில்லை. நீங்களும் மலைக்குப் போகும் முன் இதைச் செய்து பாருங்கள்.

அப்புறம், பூஞ்சை. குளுக்கோஸ் கலப்பதை நிறுத்திவிட்டேன். வீடு வந்ததும் சமையல் சோடா கரைத்த வெதுவெதுப்பான நீரில் அலசி, குழாயைத் தனியாகக் கழற்றித் தொங்கவிடுகிறேன்.

முதுகில் இருப்பதால் எவ்வளவு மிச்சம் என்றுதான் தெரியவில்லை. அதனால் அரை லிட்டர் எவர்சில்வர் பாட்டில் ஒன்றும் கூடவே வருகிறது.